கில்லிக்கு யாரும் சட்டம் எழுதவில்லை



போன வாரம் நியூஜெர்சியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தன் மகன் பேஸ்பால் ஆடும் படத்தை அனுப்பியிருந்தார். கையில் மட்டை, தலையில் காது மூடிய ஹெல்மெட், எட்டு வயதுப் பையன். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: "டீச்சர், இது நம்ம ஊர் கில்லி மாதிரிதானே?"

ஆமாம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பேஸ்பால் ஆரம்பத்தில் எப்படி ஆடினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. அதனால் பதில் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

புத்தகத்தில் கிட்டிப்புள் என்று இருக்கும். எங்கள் தெருவில் கில்லி தாண்டு என்றுதான் சொல்வோம். சின்னது கில்லி, பெரியது தாண்டு. உண்மையைச் சொன்னால் நான் ஒரு நாளும் அதை ஆடியதில்லை. நான் சொல்வது 1960-களில். அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பாண்டி, பல்லாங்குழி, ஐந்தாங்கல். கில்லி ஆம்பளைப் பையன்கள் ஆட்டம். ஆனாலும் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். எதற்கு என்றால், கணக்கு வைக்க. இரண்டு கட்சியிலும் சேராத ஒருத்தி வேண்டும், நூறுக்கு மேல் தப்பில்லாமல் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். உடைந்த ஓட்டுச் சில்லில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டு புளிய மரத்து நிழலில் உட்கார்ந்திருப்பேன். ஆடுகிறவனுக்குத் தன் முறை எப்போது வரும் என்பதுதான் ஞாபகத்தில் இருக்கும். சட்டம் முழுக்கத் தெரிந்தவள் கணக்கு வைத்தவள்தான்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கடையில் வார்னிஷ் அடித்து விற்கிறார்களே, அது இல்லை. தாண்டு ஒரு முழ நீளம், பெரியவர்கள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன். கில்லி நாலு விரல் நீளம், இரண்டு முனையும் சீவியது. புளிய மரக் கிளை முதல் தரம். கனமும் இருக்கும், சீக்கிரம் பிளக்காது. கொய்யாவும் நன்றாக இருக்கும், ஆனால் கொய்யாக் கிளையை வெட்டினால் வீட்டில் அடி விழும். வேம்பு நடுத்தரம். முருங்கையில் தாண்டு செய்து கொண்டுவந்த ஒரு பையனை வருஷம் முழுக்க எல்லோரும் 'முருங்கை' என்றே கூப்பிட்டார்கள்.

பச்சை மரத்தில் செய்து அன்றைக்கே ஆடினால் இரண்டு நாளில் வெடித்துவிடும். அதனால் நிழலில் போட்டு வைப்பார்கள். வெயிலில் வைத்தாலும் வெடிக்கும். முனையைச் சீவுவதில்தான் வேலை இருக்கிறது. ரொம்பக் கூராகச் சீவினால் தட்டும்போது முனை மண்ணில் குத்திக்கொண்டு நிற்கும், மேலே எழும்பாது. மொட்டையாக விட்டால் தாண்டு எங்கே படுகிறதோ அங்கேயே புரண்டுவிடும். நடுவில் ஒரு சரிவு இருக்கிறது. அண்ணன் கொடுவாளால் செதுக்கிவிட்டுக் கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்து அந்தச் சரிவைக் கொண்டுவருவான். நெம்புகோல் பாடம் நடத்தும்போது உங்களுக்கு நான் கடப்பாரையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். எனக்குள் ஓடியதென்னவோ அந்தக் கில்லிதான்.

இடம் வேங்கிக்கால் ஏரி. கோடையில் தண்ணீர் வற்றித் தரை இறுகிக் கிடக்கும். மாட வீதிகளில் ஆட முடியாது, வண்டியும் ஜனமும். ஏரியில் ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு, ஓடம் மாதிரி ஒரு குழி தோண்டுவார்கள். கில்லியைக் குழிக்குக் குறுக்கே வைத்து, தாண்டின் நுனியைக் கீழே விட்டு நெம்பித் தள்ள வேண்டும். எதிர்க் கட்சி எதிரே பரவி நிற்கும். கில்லியைத் தரையில் படாமல் பிடித்தால் அவுட். பிடிக்க முடியாவிட்டால், தாண்டைக் குழி மேல் குறுக்கே படுக்க வைப்பான் ஆடுகிறவன். கில்லி விழுந்த இடத்திலிருந்து அதை எறிந்து தாண்டின் மேல் பட வைத்தால் அப்போதும் அவுட். இரண்டிலும் தப்பித்தால்தான் உண்மையான ஆட்டம் ஆரம்பம்.

கில்லியின் முனையில் தாண்டால் ஒரு தட்டு. கில்லி துள்ளி இடுப்பு உயரத்துக்கு எழும்பும். அந்தரத்தில் இருக்கும்போதே வீசி அடிக்க வேண்டும். மூன்று தட்டு அவனுக்கு உண்டு. மூன்றும் வீணானால் அடுத்தவன் வருவான். எழும்பிய கில்லியை அந்தரத்தில் ஒரு தடவை மெல்லத் தட்டிவிட்டு அப்புறம் அடித்தால் எங்கள் தெருவில் இரட்டைக் கணக்கு. அதைச் செய்யக்கூடியவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவன் இருந்தான், அது என் அண்ணன் இல்லை.

இனி எனக்குப் பிடித்த கட்டம். கில்லி போய் விழுந்ததும் அடித்தவன் ஒரு எண் கேட்பான். "நாற்பது!" என்பான். அங்கிருந்து குழி வரைக்கும் நாற்பது தாண்டு நீளம் இருக்கிறது என்று அர்த்தம். எதிர்க் கட்சித் தலைவன் கண்ணாலேயே அளந்து பார்ப்பான். ஒப்புக்கொண்டால் நாற்பது என் ஓட்டில் ஏறும். சந்தேகம் வந்தால் "அளடா" என்பான். தாண்டைப் புரட்டிப் புரட்டி அளப்பார்கள். நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் கேட்ட நாற்பது கிடைக்கும். முப்பத்தொன்பது இருந்தால் ஒன்றும் கிடையாது, ஆளும் அவுட். அதனால் பேராசையும் கூடாது, பயமும் கூடாது. ஒரு தாண்டு ஒன்றரை அடி என்றால் நாற்பது தாண்டு அறுபது அடி. பத்து வயதுப் பையன்கள் அறுபது அடியை இரண்டு மூன்று அடிக்குள் சரியாகச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பில் உங்களையெல்லாம் வராந்தாவில் நிற்க வைத்து, "கிணறு வரைக்கும் எத்தனை ஸ்கேல் இருக்கும், சொல்லிவிட்டு அளங்கள்" என்று நான் படுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அது பாடப் புத்தகத்தில் இருந்த பயிற்சி இல்லை. ஏரியில் கற்றது.

தோற்ற கட்சிக்குத் தண்டனை உண்டு. கில்லி விழுந்த இடத்திலிருந்து குழி வரை ஒரே மூச்சில் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே ஓடி வர வேண்டும். மூச்சு விட்டால் அந்த இடத்திலிருந்து மறுபடியும் அடிப்பார்கள், மறுபடியும் ஓட வேண்டும். சடுகுடுவில் மூச்சுப் பிடிப்பது போலத்தான்.

இதெல்லாம் எங்கள் தெருச் சட்டம். கீழ்நாத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் குழி தோண்ட மாட்டார்கள், இரண்டு கல்லை வைத்து அதன் மேல் கில்லியை வைப்பார்கள். அவர்களுக்கு இரட்டைக் கணக்கு கிடையாது. அவர்களோடு ஆடினால் ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பேச்சு நடக்கும். எத்தனை தட்டு, யார் முழத்தில் தாண்டு, எதிரே எத்தனை தப்படி தள்ளி நிற்பது. பேசி முடித்த பிறகுதான் கில்லி மண்ணைத் தொடும். அந்த அரை மணிச் சட்டம் அன்றைக்கு மட்டும் செல்லும். மறுநாள் மறுபடியும் பேச வேண்டும்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். மாணவர் இருக்கும் அதே நியூஜெர்சியில் ஹோபோகன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு எதிர்க்கரை நியூயார்க். 1840-களில் நியூயார்க் இளைஞர்கள் சிலர் வேலை முடிந்து படகில் அக்கரைக்குப் போய் எலீசியன் ஃபீல்ட்ஸ் என்ற மைதானத்தில் பந்தாடினார்கள். சங்கத்தின் பெயர் நிக்கர்பாக்கர். பந்தும் மட்டையும் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டங்கள் அதற்கு முன்பே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தெருவுக்குத் தெரு இருந்தன. 1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி அச்சிட்ட ஒரு குழந்தைகள் புத்தகத்திலேயே பேஸ்பால் என்ற பெயர் வந்துவிட்டது. இந்த இளைஞர்கள் ஒன்று செய்தார்கள். 1845 செப்டம்பர் 23 அன்று தங்கள் சட்டத்தைத் தாளில் எழுதி வைத்தார்கள்.

அந்தச் சட்டங்களைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கட்டத்தின் அளவு அடியிலோ கெஜத்திலோ இல்லை. வீட்டுக் கட்டத்திலிருந்து எதிர்க் கட்டம் 42 தப்படி. யாருடைய தப்படி என்று எழுதவில்லை! நம் "யார் முழம்" சண்டைதான். எத்தனை இன்னிங்ஸ் என்ற கணக்கும் கிடையாது. யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள், இரண்டு கட்சிக்கும் முறை சமமாகக் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் போட வேண்டும், தோளுக்கு மேலே ஓங்கி எறியக் கூடாது.

இன்னொன்று கேளுங்கள். அடித்த பந்து தரையில் ஒரு குத்து குத்தி எழும்பி வரும்போது பிடித்தாலும் அவுட். ஒன் பிட்ச் கேட்ச்! மொட்டை மாடியிலும் கோயில் பின்புறத்துச் சந்திலும் "ஒன் பிட்ச், ஒன் ஹேண்ட்" என்று கத்திக்கொண்டு கிரிக்கெட் ஆடியவர்கள்தானே நீங்கள்? அது ஏதோ நம் சந்துகளில் மட்டும் பிறந்த சட்டம் என்று நினைத்திருப்பீர்கள். அமெரிக்காவில் கனவான்கள் ஆடிய ஆட்டத்தில் அது முதல் சட்டங்களில் ஒன்று.

அதற்கு முந்திய தெரு ஆட்டங்களில், ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து அடித்தால் அவன் அவுட். நம் ஏழு கல் மாதிரி. நிக்கர்பாக்கர் சட்டம் அதை நிறுத்தியது. ஆள் மேல் எறியக் கூடாது, பந்தைக் கையில் வைத்துத் தொட வேண்டும், அல்லது அவனுக்கு முன்னால் பந்து கட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சின்ன மாற்றம்போல் தெரியும். ஆனால் ஆள் மேல் எறிகிற வரைக்கும் பந்து மெத்தென்றுதான் இருக்க முடியும். எறிவதை நிறுத்திய பிறகு பந்தை இறுக்கிச் சுற்றலாம். இறுக்கிச் சுற்றினால் தூரம் போகும். மைதானம் பெரிதாகும். ஒரு வரிச் சட்டம் ஆட்டத்தையே வேறு ஆட்டமாக ஆக்கிவிட்டது.

அந்தப் பந்தையும் ஆட்டக்காரர்களே செய்தார்கள். டேனியல் ஆடம்ஸ் என்று ஒரு டாக்டர் அந்தச் சங்கத்தில் இருந்தார். ரப்பர்த் துண்டுகளை நடுவில் வைத்து நூலைச் சுற்றித் தோல் தைத்து, சங்கத்துக்குத் தேவையான பந்துகளைப் பல வருஷம் அவரே செய்தார். பிறகுதான் குதிரைச் சேணம் தைக்கிற ஒருவரைப் பிடித்தார். பந்து இலேசாக இருந்ததால் வெளிக்களத்திலிருந்து நேராக எறிந்தால் வந்து சேராது. நடுவில் ஒருவர் நின்று வாங்கி எறிய வேண்டும். அப்படி நடுவில் போய் நின்றவரும் ஆடம்ஸ்தான். இன்றைக்கு அந்த இடத்துக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். நல்ல ஆட்டக்காரனை நிறுத்துகிற இடம். பந்து கனமான பிறகும் அந்த ஆள் அங்கேயே நின்றுவிட்டான்.

1846 ஜூன் 19 அன்று ஹோபோகனில் நிக்கர்பாக்கர் சங்கம் இன்னொரு நியூயார்க் கட்சியோடு ஆடியது. 23-க்கு 1 என்று தோற்றார்கள். சட்டம் எழுதினவர்கள் தோற்றதில் எனக்கு ஒரு திருப்தி. அன்றைக்குக் கெட்ட வார்த்தை பேசிய ஒருவருக்கு 6 சென்ட் அபராதம் போட்டதையும் ஆட்டக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் ஓட்டுச் சில்லில் அந்தக் கணக்கையும் வைத்திருந்தால் எங்கள் தெரு திவாலாகியிருக்கும்.

இங்கே ஒரு சின்ன விலகல். கில்லி நம்முடையது மட்டும் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்காக. கன்னடத்தில் சின்னி தாண்டு, மலையாளத்தில் குட்டியும் கோலும், மராத்தியில் விட்டி தாண்டு. இங்கிலாந்திலும் இதே ஆட்டம் இருந்தது, கில்லிக்கு அங்கே 'பூனை' என்று பெயர். 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியன், 1666-ல் எழுதிய தன் வாழ்க்கைக் கதையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூனையைக் குழியிலிருந்து ஓர் அடி அடித்துவிட்டு இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கும்போது தனக்குள் தெய்வக் குரல் கேட்டதாகச் சொல்கிறார். குழியும் உண்டு, இரண்டாவது அடியும் உண்டு. அப்படியே நம் கில்லி!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுதி வைத்ததால் என்ன ஆயிற்று? சட்டம் கெட்டியாக உறைந்து போயிற்றா என்றால், இல்லை. நேர்மாறாக, எழுதி வைத்ததால்தான் அதை மாற்ற முடிந்தது. 1857-ல் சங்கங்கள் எல்லாம் கூடி உட்கார்ந்தன. கூட்டத்துக்குத் தலைமை அதே டாக்டர் ஆடம்ஸ். 21 என்ற கணக்கு போய் ஒன்பது இன்னிங்ஸ் வந்தது. தப்படி போய் 90 அடி வந்தது. ஒன் பிட்ச் கேட்ச் வேண்டாம் என்று நிக்கர்பாக்கர்காரர்களே பல வருஷம் வாதாடினார்கள், அது சின்னப் பையன்கள் ஆட்டமாம். 1865-லிருந்து நேர் பந்தை அந்தரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று ஆயிற்று. 1884-ல் ஓங்கி எறியலாம் என்று விட்டார்கள். ஓங்கி எறிந்ததும் அடிக்கிறவன் திணறினான், 1893-ல் எறிகிற இடத்தை 60 அடி 6 அங்குலத்துக்குத் தள்ளி வைத்தார்கள். ஒரு பக்கம் பாரம் ஏறினால் மறுபக்கம் ஒரு படிக்கல் போட்டார்கள், தராசு மாதிரி.

கருவியும் அப்படியே. ஆரம்பத்தில் எல்லோரும் வெறுங்கையால்தான் பிடித்தார்கள். விரல் பிசகாதவன் கிடையாது. 1870-ல் சின்சினாட்டியில் டக் அலிசன் என்ற கேட்சர் புண்ணான கைக்குத் தோலுறை போட்டார். 1875-ல் சார்லஸ் வெயிட் என்பவர் தோல் நிறத்திலேயே ஓர் உறை போட்டுக்கொண்டார், பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று. கை வலிக்கிறது என்று சொல்ல வெட்கம்! இரண்டு வருஷம் கழித்து ஆல்பர்ட் ஸ்பால்டிங் கறுப்புக் கையுறையோடு பகிரங்கமாக வந்து நின்றார். அவர் பெரிய ஆட்டக்காரர், அதனால் யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் அவர் விளையாட்டுச் சாமான் கம்பெனியும் ஆரம்பித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

முகமூடி வந்ததும் அப்போதுதான். ஹார்வர்டு மாணவர் ஃபிரெட் தேயர், கத்திச் சண்டைக்காரர்கள் போடும் கம்பி முகமூடியைப் பார்த்து கேட்சருக்கு ஒன்று செய்து கொடுத்தார். 1877 வாக்கில் மைதானத்துக்கு வந்தது. கேலி செய்தார்கள். சில வருஷத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். தலைக்கவசம் மட்டும் ரொம்பத் தாமதம். 1920-ல் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். பெரிய லீக்குகளில் ஹெல்மெட் கட்டாயமானது 1971-ல். மாணவரின் மகன் தலையில் இருக்கிறதே, காதை மூடிக்கொண்டு, அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டுத்தான் நான் போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் கில்லி கண்ணில் பட்டது. எதிரே பத்து தப்படியில் நின்றான். நெம்பித் தள்ளிய கில்லியைக் குனிந்து பிடிக்கப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், கண் திரும்பவில்லை. அவர் பெயர் வேண்டாம். நல்லபடியாக இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ஆனால் அன்றைக்கு மாலையே தெருவில் இருந்த தாண்டுகள் எல்லாம் அடுப்பில் போயின. அம்மா அண்ணனுடையதை என் கண் முன்னால் வைத்துத்தான் எரித்தாள். ஒரு மாதம் கழித்துப் பையன்கள் வேறு ஏரிக்குப் போய் ஆடினார்கள். அங்கேயும் எதிரே பத்து தப்படியில்தான் நின்றார்கள். 'இருபது தப்படி தள்ளி நில்' என்று ஒருவனும் சொல்லவில்லை. சொன்னாலும் அது அன்றைக்கு மட்டும் செல்லும் சட்டம்.

பிறகு நான் டீச்சர் ஆனேன். வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் கில்லிக்குத் தடை. அது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகள் ஓடும் முற்றத்தில் இரண்டு முனையும் சீவிய கட்டை பறக்கக் கூடாது. உங்களில் சிலரிடமிருந்து நானே பிடுங்கி மேஜை அறையில் போட்டிருக்கிறேன், திருப்பித் தரவும் மாட்டேன். ஆனால் என் மனதில் ஒரு கேள்வி உண்டு. பேஸ்பாலில் முகத்தில் பந்து பட்டபோது முகமூடி கொண்டுவந்தார்கள். கில்லி கண்ணில் பட்டபோது நாம் கில்லியை எரித்தோம். ஏன்? அவர்களுக்குக் கூடி உட்கார ஒரு சங்கம் இருந்தது, திருத்த ஒரு தாள் இருந்தது. நமக்குத் திருத்துவதற்குத் தாளே இல்லை. திருத்த முடியாததைத் தடுக்கத்தான் முடியும்.

நம்மவர்களுக்கு அது வராது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சடுகுடுவைப் பாருங்கள். அதுவும் தெருவுக்கு ஒரு சட்டமாக இருந்த ஆட்டம்தான். இங்கே சடுகுடு, மகாராஷ்டிரத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹா-டு-டு. அவுட் ஆனவன் திரும்பி உள்ளே வரலாம் என்று ஒரு முறை, அதற்கு சஞ்சீவனி என்று பெயர். வரவே முடியாது என்று ஒரு முறை, காமினி. அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், புள்ளி மட்டும் எண்ணு என்று ஒரு முறை, அமர். மகாராஷ்டிரக்காரர்கள் உட்கார்ந்து இவற்றைப் பேசினார்கள். 1923-ல் பரோடாவில் திருத்திய சட்டத்தை வைத்துப் போட்டியே நடத்தினார்கள். 1950-ல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம் பிடித்தது, நம் நாடு தங்கம் வாங்கியது. மண்ணில் முட்டி தேய்ந்த ஆட்டம் இன்றைக்கு விரிப்பில் நடக்கிறது. பாடிப் போகிறவனுக்கு 30 விநாடி என்று கடிகாரம் சொல்கிறது. பழைய ஆட்டக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் தமிழ் தலைவாஸ் ஆடும்போது என் பேத்தி டி.வி. முன்னாலிருந்து எழுந்திருப்பதில்லை.

தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்தும் அப்படித்தான். மஞ்சள் கம்பளிப் பந்து, கட்சிக்கு ஐந்து பேர். சட்டமும் சம்மேளனமும் இருந்ததால் பள்ளிப் போட்டிகளில் அதற்கு இடம் கிடைத்தது.

கில்லிக்குக் கிடைத்தது ஒரு சினிமாத் தலைப்பு. 2004-ல் வந்த 'கில்லி' படத்தைப் பார்க்காத ஆள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதில் விஜய் ஆடுவது என்ன? கபடி! கெட்டிக்காரனைக் கில்லி என்கிறோம், அந்தச் சொல் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

எழுதியே வைக்கவில்லை என்று சொன்னால் தேவநேயப் பாவாணர் கோபித்துக்கொள்வார். 1954-லேயே 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று நூல் எழுதி, கிட்டிப்புள்ளையும் அதில் சேர்த்தார். அந்தப் புண்ணியவான் எழுதியிராவிட்டால் இன்னும் பல ஆட்டங்களின் பெயரே போயிருக்கும். ஆனால் அது எப்படி ஆடினார்கள் என்று ஓர் அறிஞர் எழுதிய பதிவு. ஆடுகிறவர்கள் கூடி, இனி இப்படி ஆடுவோம் என்று எழுதிக்கொண்டது வேறு.

நான் சங்கம் வைக்கிற வயதில் இல்லை. ஆனால் பேரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போன கோடை விடுமுறையில் சில மாற்றங்களைச் செய்து பார்த்தேன். கில்லியின் இரண்டு முனையிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினோம். தட்டினால் எழும்புகிறது, உயரம் கொஞ்சம் குறைவு. முனையை இன்னும் சரிவாகச் சீவினால் சரியாகிவிடுகிறது. எதிரே நிற்பவர்களுக்கு இருபது தப்படியில் கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்குள் கில்லி விழுந்தால் அடித்தவனுக்குப் பூஜ்யம், அதனால் யாரும் கிட்டே வந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. கண்ணுக்கு, பட்டறைக்காரர்கள் போடும் பிளாஸ்டிக் கண்ணாடி. பையன்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, சாப்பிடும்போதும் கழற்றவில்லை. எண் கேட்கும் சட்டத்தை மட்டும் நான் தொடவில்லை. பேத்தி முதல் நாள் "நூறு" என்று கேட்டாள். அளந்தால் இருபத்தாறு. நாலாவது நாள் முப்பது கேட்டாள், முப்பத்தொன்று இருந்தது.

இடம்தான் பெரிய பாடு. ஏரிப் பக்கம் கட்டடம் வந்துவிட்டது. பௌர்ணமி என்றால் ஊருக்குள் நடக்கவே இடமில்லை. உறவினர் ஒருவரின் அறுவடை முடிந்த நிலத்தில் ஆடினோம்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. போளூர், செங்கம், தண்டராம்பட்டு, ஆரணி, எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் உங்கள் ஊரில் எப்படி ஆடினீர்கள் என்று கீழே எழுதுங்கள். குழியா கல்லா? எத்தனை தட்டு? எண் கேட்டீர்களா, அளந்தீர்களா? தண்டனைக்கு மூச்சு விடாமல் என்ன சொல்லிக்கொண்டு ஓடினீர்கள்? தாண்டு எந்த மரம்? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். ஊர் வாரியாக எழுதி வைக்கிறேன்.

ஒரு சட்டம் மட்டும் எனக்குத் தீராமல் இருக்கிறது. கில்லியைத் தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்தால் அவுட்டா இல்லையா? அண்ணன் கட்சி இல்லை என்றது. எதிர்க் கட்சி அவுட் என்றது. ஓட்டுச் சில்லில் நான் எந்தப் பக்கம் போட்டாலும் சண்டை வரும். அண்ணன் இருந்தவரை எப்போது பேச்சை எடுத்தாலும் "துண்டு ஆட்டத்தில் சேர்த்தி இல்லை" என்று அடித்துச் சொல்வார். இந்தத் தை மாதம் அவரும் போய்விட்டார். எதிர்க் கட்சியில் ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ ஆடியிருந்தால், கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு வரியை நோட்டில் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.